டெலவேர் கம்பெனியை கலிஃபோர்னியாவில் பதிவு செய்வது எப்படி? ஆவணம், செலவு, கெடு

டெலவேரில் ஆன்லைனிலேயே ஒரு எல்எல்சி (கம்பெனியின் கடன் பொறுப்பு உரிமையாளரின் தலையில் விழாத, எளிய வகைக் கம்பெனி) தொடங்கிவிட்டு, ஃப்ரீமான்ட்டிலோ சன்னிவேலிலோ வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நம்மவர்கள் நிறையப் பேர். "டெலவேர்ல வரியே கிடையாது" என்று யாரோ சொன்னதை நம்பி ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் வேலை நடக்கிற இடம் கலிஃபோர்னியா என்றால், கம்பெனியை அந்த மாநிலத்திலும் பதிவு செய்தே ஆக வேண்டும். நான் என் கம்பெனிக்கு இதைச் செய்தபோது எது முதலில், எது அப்புறம், எதற்கு எவ்வளவு என்று ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை மட்டும்தான் சொல்லும். அதனால் நானே அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் வெறும் 70 டாலர்தானே என்று இறங்காதீர்கள். வருஷா வருஷம் கட்ட வேண்டிய 800 டாலரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

1. உங்களுக்குப் பதிவு தேவையா?

இதை இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

பதிவை நடத்துவது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். மாநிலத்துக்குள் திரும்பத் திரும்ப, தொடர்ச்சியாக வியாபாரம் செய்கிறீர்களா என்பதுதான் அதன் கேள்வி. கலிஃபோர்னியாவில் ஒரு வங்கிக் கணக்கு வைத்திருப்பது, போர்டு மீட்டிங் நடத்துவது, 180 நாளுக்குள் முடிந்துவிடுகிற ஒரே ஒரு தனி ஒப்பந்தம் ஆகியவை மட்டும் இருந்தால் பதிவு தேவையில்லை. அலுவலகம், கடை, கிடங்கு, அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் உரிமையாளர் என்று ஏதாவது இருந்தால் தேவை.

வரியைப் பார்ப்பது ஃப்ராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு. அதன் வலை இன்னும் அகலம். பணம் சம்பாதிக்கும் நோக்கத்தோடு மாநிலத்துக்குள் இருந்து எந்த வேலை செய்தாலும் வியாபாரம்தான். அங்கே ஆளே இல்லாவிட்டாலும், கலிஃபோர்னியா விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் அதுவும் வியாபாரம்தான். 2024-க்கு அந்த வரம்பு 7,35,019 டாலர் அல்லது மொத்த விற்பனையில் கால் பங்கு. கலிஃபோர்னியாவில் உள்ள சொத்துக்கும் அங்கே கொடுக்கும் சம்பளத்துக்கும் தனித்தனியாக வரம்பு 73,502 டாலர். இந்தத் தொகைகள் ஆண்டுதோறும் மாறும், அதனால் உங்கள் ஆண்டுக்கு உரியதை போர்டின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் டெக்சஸில் இருந்துகொண்டு, உங்கள் ஊழியர் ஒருவர் மட்டும் கலிஃபோர்னியாவில் வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் விஷயம் இதே பக்கம்தான் சாயும். "ஒரே ஒரு ஆள்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பதியாமல் வியாபாரம் செய்தால் என்ன ஆகும்? பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது. முதலில் பதிவையும் பாக்கிகளையும் சரிசெய்துவிட்டு வரச் சொல்வார்கள். கார்ப்பரேஷனுக்கு (பங்குகள் வெளியிடும் வகைக் கம்பெனிக்கு) நாளொன்றுக்கு 20 டாலர் வீதம், உச்சமாக 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வரி போர்டு கணக்கு கேட்டு நோட்டீஸ் அனுப்பி, 60 நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஆண்டுக்கு 2,000 டாலர் தனி அபராதம். இன்னொன்று, வரி ஓடத் தொடங்குவது வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்துதான். பதிவைத் தள்ளிப்போட்டால் வரி தள்ளிப்போகாது.

2. டெலவேர் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

வெளியாரிடம் முதலீடு வாங்கப் போகிற கார்ப்பரேஷன் என்றால் டெலவேரில் இருப்பதற்குக் காரணம் உண்டு. முதலீட்டாளர்களும் அவர்களுடைய வக்கீல்களும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் நீங்கள் ஒருவரே உரிமையாளர், கலிஃபோர்னியாவிலேயே குடியிருப்பு, கன்சல்டிங் வேலை என்றால் டெலவேர் எல்எல்சியால் எனக்குத் தெரிந்து ஒரு லாபமும் இல்லை. டெலவேருக்கு ஆண்டு வரி 300 டாலர், அங்கே கம்பெனி சார்பில் கோர்ட் நோட்டீஸ் வாங்கிக்கொள்ளும் ஒரு ஏஜென்டுக்குக் கட்டணம், அதற்கு மேல் கலிஃபோர்னியாவின் 800 டாலர். இன்னும் தொடங்கவே இல்லை என்றால் நேராகக் கலிஃபோர்னியாவிலேயே எல்எல்சி தொடங்குங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தாலும் அதைக் கலிஃபோர்னியா கம்பெனியாக மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதையும் விசாரித்துவிட்டு மேலே போங்கள்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. டாக்டர், வக்கீல், ஆர்கிடெக்ட், சிபிஏ போன்ற உரிமம் பெற்ற தொழில்களைக் கலிஃபோர்னியாவில் எல்எல்சி மூலம் நடத்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேறு மாநிலத்தில் அது செல்லும் என்பதால் இங்கேயும் செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியைப் பதிவு செய்துவிட்டதால் அதில் வேலை செய்ய அனுமதி வந்துவிடாது. பதிவுக்கு முன்பே குடியேற்ற வக்கீலிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். இதை மட்டும் நண்பர்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

3. டெலவேர் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்

அடுத்த படிக்கு டெலவேரிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். வரி பாக்கி இருந்தால் அது கிடைக்காது. எல்எல்சி வரி 300 டாலர், கெடு ஜூன் 1. கார்ப்பரேஷனுக்கு ஆண்டறிக்கையும் வரியும் சேர்த்து மார்ச் 1. தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீதம் வட்டி.

கார்ப்பரேஷன் வைத்திருப்பவர்கள் டெலவேர் வரி நோட்டீஸைப் பார்த்துப் பதறிப்போவார்கள். ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தால், நோட்டீஸில் 85,165 டாலர் என்று நிற்கும். பயப்பட வேண்டாம். பங்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. சொத்து மதிப்பை வைத்துப் போடுகிற இன்னொரு கணக்குமுறையும் சட்டப்படி செல்லும். ஆண்டறிக்கைப் படிவத்தில் வெளியிட்ட பங்குகளின் எண்ணிக்கையையும் மொத்தச் சொத்து மதிப்பையும் நிரப்பினால், சின்ன கம்பெனிக்குத் தொகை 400 டாலருக்கு இறங்கிவிடும். அறிக்கைக் கட்டணம் 50 டாலர் தனி. நோட்டீஸில் உள்ள தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள்.

4. குட் ஸ்டாண்டிங் சான்றிதழ்

கம்பெனி டெலவேரில் உயிரோடு இருக்கிறது, பாக்கி இல்லை என்று அந்த மாநிலம் தருகிற ஒற்றைத் தாள்தான் இது. கலிஃபோர்னியா விண்ணப்பத்தோடு இதை இணைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் செல்லாது. அதனால் விண்ணப்பம் தயாராகும் தறுவாயில் வாங்குங்கள். முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வைப்பதில் பயனில்லை.

சுருக்கமான சான்றிதழ் 50 டாலர், நீளமானது 175 டாலர். கலிஃபோர்னியாவுக்குச் சுருக்கமானதே போதும். நான் அமர்த்தியிருந்த ஒரு சேவை நிறுவனம் 175 டாலர் சான்றிதழைத்தான் தலையில் கட்டப் பார்த்தது. எதற்கு என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. ஏஜென்ட் மூலம் வாங்கினால் அவர்கள் கட்டணமும் சேரும். மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

தாள் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது தேதி. இரண்டாவது, கீழே இருக்கும் சரிபார்ப்பு எண். அதை டெலவேரின் தளத்தில் போட்டுப் பார்த்தால் சான்றிதழ் அசல்தான் என்று காட்ட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், கம்பெனியின் பெயர். எல்எல்சி என்ற எழுத்துகளுக்கு முன்னால் கமா இருக்கிறதா, எழுத்துகளுக்கு நடுவே புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். விண்ணப்பத்தில் பெயர் இதே போல இருக்க வேண்டும். ஒரு கமா வித்தியாசத்துக்காக விண்ணப்பம் திரும்பி வந்தால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கம்பெனி தொடங்கியபோது கிடைத்த பதிவுச் சான்றிதழை இதற்குப் பதிலாக இணைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. அது ஏற்கப்படாது.

5. பெயரும் ஏஜென்டும்

செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டின் பிஸ்ஃபைல் ஆன்லைன் தளத்தில் உங்கள் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். இலவசம்தான். அதே பெயரில் வேறு கம்பெனி இருந்தால் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் ஒரு மாற்றுப் பெயர் வைத்துக்கொண்டு பதியலாம். டெலவேர் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் அந்த மாற்றுப் பெயரில்தான் வியாபாரம் செய்ய வேண்டும், அதனால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைத் தட்டி அனுப்பாதீர்கள்.

கோர்ட் நோட்டீஸ் வந்தால் வாங்கிக்கொள்ள கலிஃபோர்னியாவில் ஒரு ஏஜென்ட் வேண்டும். அங்கே வசிக்கும் ஒரு மனிதராகவும் இருக்கலாம், அதற்கென்று பதிவு பெற்ற நிறுவனமாகவும் இருக்கலாம். உங்கள் கம்பெனியே தனக்கு ஏஜென்டாக இருக்க முடியாது. தபால் பெட்டி எண் செல்லாது, தெரு முகவரி கட்டாயம். டெலவேர் ஏஜென்ட் டெலவேருக்கு மட்டும்தான். "ஏற்கெனவே ஏஜென்ட் இருக்கிறாரே" என்று விட்டுவிடாதீர்கள்.

நீங்களே ஏஜென்டாக இருந்தால் செலவு மிச்சம். ஆனால் உங்கள் வீட்டு முகவரி எல்லோரும் பார்க்கும்படி அந்தத் தளத்தில் ஏறிவிடும். பெயரைத் தட்டினால் யாருக்கும் கிடைக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை விரும்பாதவர்கள் ஒரு ஏஜென்ட் நிறுவனத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டிவிடுவது நிம்மதி. நான் அப்படித்தான் செய்தேன். முதல் ஆண்டு சலுகை விலையைக் காட்டி அடுத்த ஆண்டு ஏற்றுவார்கள். புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

6. விண்ணப்பம்

பிஸ்ஃபைலில் கணக்கு தொடங்கி, வெளிமாநிலக் கம்பெனிக்கான பதிவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே புதிய கலிஃபோர்னியா கம்பெனி தொடங்கும் படிவமும் இருக்கும். தவறி அதைச் சொடுக்கினால் இரண்டாவதாக ஒரு கம்பெனி பிறந்துவிடும். அதற்கும் 800 டாலர் வரி.

எல்எல்சிக்குப் படிவம் எல்எல்சி-5, கட்டணம் 70 டாலர். கார்ப்பரேஷனுக்குப் படிவம் வேறு, கட்டணம் 100 டாலர். கேட்கும் விவரங்கள் அதிகமில்லை. பெயர், தொடங்கிய மாநிலம், தலைமை அலுவலக முகவரி, கலிஃபோர்னியா அலுவலக முகவரி, ஏஜென்ட், கையெழுத்து, அப்புறம் சான்றிதழின் பிடிஎஃப். எல்லாம் கையில் இருந்தால் ஒரே மூச்சில் நிரப்பிவிடலாம்.

பரிசீலனை எவ்வளவு நாள் என்பது அவர்களிடம் குவிந்திருக்கும் விண்ணப்பங்களைப் பொறுத்தது. எந்தத் தேதியில் வந்தவற்றை இப்போது பார்க்கிறார்கள் என்று தளத்திலேயே போடுகிறார்கள். அவசரம் என்றால் சாக்ரமென்டோவில் நேரில் கொடுத்து, கூடுதலாக 350 டாலர் கட்டி 24 மணி நேர சேவை வாங்கலாம். பெரிய ஒப்பந்தம் ஒன்று காத்துக்கொண்டிருந்தால் தவிர, அந்தப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

புதிய இஐஎன், அதாவது கம்பெனியின் ஃபெடரல் வரி எண், வாங்காதீர்கள். கம்பெனி அதேதான், வரி எண்ணும் அதேதான். கலிஃபோர்னியா ஒரு பதிவு எண் தரும். மாநில வரி கட்டும்போது அந்த எண்தான் கேட்கும், பத்திரமாகக் குறித்து வையுங்கள்.

7. 90 நாள் கெடு

பதிவு கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. 90 நாளுக்குள் ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன் என்கிற கம்பெனி விவர அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். எல்எல்சிக்கு 20 டாலர், அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. கார்ப்பரேஷனுக்கு 25 டாலர், ஆண்டுதோறும். மறந்தால் அபராதம் 250 டாலர். பதிவு உறுதியான அன்றே, அதே தளத்தில், அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்.

8. அந்த 800 டாலர்

எல்எல்சிக்கு ஆண்டு வரி 800 டாலர். லாபம் வந்தாலும் நஷ்டமானாலும், வருமானமே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். முதல் ஆண்டுக்கு விலக்கு உண்டு என்று பழைய கட்டுரைகள் சொல்லும். அது 2021 முதல் 2023 வரை பதிந்த எல்எல்சிகளுக்கு மட்டும். இப்போது கிடையாது.

கெடுவைப் பாருங்கள். பதிவு செய்த மாதத்தையும் சேர்த்து எண்ணி, நான்காவது மாதம் 15-ஆம் தேதி. ஜூன் 18-ல் பதிந்தால் செப்டம்பர் 15. படிவம் 3522. அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஏப்ரல் 15-லும். இப்போது அக்டோபரில் பதிந்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஜனவரி 15-ல் முடிந்துபோன ஆண்டுக்கு 800, ஏப்ரல் 15-ல் புது ஆண்டுக்கு இன்னொரு 800. மூன்று மாதத்தில் 1,600 டாலர். கலிஃபோர்னியா வேலை ஜனவரியில்தான் தொடங்குகிறது என்றால் பதிவையும் ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டால் இந்த யோசனை உங்களுக்கு இல்லை, உடனே பதியுங்கள்.

கலிஃபோர்னியா வருமானம் இரண்டரை லட்சம் டாலரைத் தொட்டால் எல்எல்சிக்கு இன்னொரு கட்டணம் சேர்கிறது. அது 900 டாலரில் தொடங்கி, 50 லட்சம் டாலருக்கு மேல் போனால் 11,790 டாலர் வரை ஏறும். இதைக் கணக்கிடுவது லாபத்தின் மேல் அல்ல, மொத்த வரவின் மேல். சரக்கு வாங்கி விற்கும் குறைந்த லாப வியாபாரத்துக்கு இது வலிக்கும். கணிப்புத் தொகையை ஆண்டின் ஆறாவது மாதம் 15-ஆம் தேதிக்குள், அதாவது ஜூன் 15-க்குள், கட்ட வேண்டும். கணக்கு தாக்கல் படிவம் 568. ஒரே உரிமையாளர் எல்எல்சிக்கு ஃபெடரல் வரியில் தனி ரிட்டர்ன் இல்லாவிட்டாலும், கலிஃபோர்னியாவில் இந்தப் படிவம் உண்டு.

கார்ப்பரேஷனுக்குக் கதை கொஞ்சம் வேறு. முதல் ஆண்டில் குறைந்தபட்ச 800 டாலர் கிடையாது, லாபம் இருந்தால் அதற்கு மட்டும் வரி. லாபத்துக்கு 8.84 சதவீதம், எஸ் கார்ப்பரேஷன் (லாபத்தைப் பங்குதாரர்களின் சொந்த வருமானமாகக் காட்டத் தேர்ந்தெடுத்த கம்பெனி) என்றால் 1.5 சதவீதம். இரண்டாம் ஆண்டிலிருந்து குறைந்தது 800.

ஆக, ஒரு டெலவேர் எல்எல்சிக்கு முதல் ஆண்டில் சான்றிதழ் 50, பதிவு 70, ஸ்டேட்மென்ட் 20, வரி 800, டெலவேர் வரி 300, எல்லாம் சேர்த்து 1,240 டாலர். இரண்டு ஏஜென்டுகளின் கட்டணமும் ஆடிட்டர் கட்டணமும் இதில் இல்லை.

9. ஆள் வைத்தால், பொருள் விற்றால்

ஒரு காலாண்டில் 100 டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தால், 15 நாளுக்குள் இடிடி என்கிற வேலைவாய்ப்புத் துறையில் முதலாளியாகப் பதிய வேண்டும். புது முதலாளிக்கு வேலையின்மைக் காப்பீட்டு வரி ஒவ்வொரு ஊழியரின் முதல் 7,000 டாலர் சம்பளத்தின் மேல் 3.4 சதவீதம். புதிதாகச் சேர்ந்தவரின் விவரத்தை 20 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் (வேலையில் அடிபட்டால் ஈடு தரும்) காப்பீடு கட்டாயம். சாதாரண எல்எல்சி உரிமையாளர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பணம் சம்பளம் ஆகாது. கார்ப்பரேஷனில் நீங்கள் வாங்குவது சம்பளம்தான், அதற்கு இதெல்லாம் பொருந்தும்.

பொருள் விற்பவர்கள் மாநில விற்பனை வரியைப் பார்க்கும் சிடிடிஎஃப்ஏ துறையில் செல்லர்ஸ் பெர்மிட், அதாவது விற்பனை அனுமதி, வாங்க வேண்டும். அது இலவசம், சில சமயம் டெபாசிட் கேட்பார்கள். "பெர்மிட் வாங்கித் தருகிறோம்" என்று காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

அப்புறம் நகரம். மாநிலத்தில் பதிந்ததால் நகரப் பதிவு தானாக வந்துவிடாது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் பல நகரங்கள் பிசினஸ் லைசென்ஸோ பிசினஸ் வரியோ கேட்கின்றன. தொகையும் விதியும் ஊருக்கு ஊர் வேறு. உங்கள் நகராட்சித் தளத்தைப் பாருங்கள்.

10. தபாலில் வரும் கடிதங்கள்

பதிவு முடிந்ததும் பொது ஆவணத்தில் ஏறிய உங்கள் முகவரிக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். அரசு நோட்டீஸ் போலவே இருக்கும். மேலே முத்திரை, நடுவே உங்கள் கம்பெனி பெயரும் பதிவு எண்ணும், கொட்டை எழுத்தில் ஒரு கெடு தேதி, கீழே கிழித்து அனுப்ப ஒரு துண்டு. அரசு கேட்காத சான்றிதழுக்கும், இலவசமாகக் கிடைக்கிற தொழிலாளர் சட்டப் போஸ்டருக்கும், 20 டாலர் ஸ்டேட்மென்டுக்குப் பல மடங்கு தொகையும் கேட்பார்கள். அடியில் பொடி எழுத்தில் "இது அரசு அமைப்பு அல்ல" என்று இருக்கும். எதற்கும் செக் எழுதும் முன் பிஸ்ஃபைலிலும் வரி போர்டு தளத்திலும் நீங்களே நுழைந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத பாக்கி உங்களுக்கு இல்லை.

கம்பெனி உரிமையாளர் விவரத்தை ஃபின்சென் என்கிற ஃபெடரல் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்புக்குத் தர வேண்டும் என்று பயமுறுத்தும் கடிதங்களும் வரும். 2025 மார்ச்சில் விதி மாறி, அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனிகளுக்கு அந்தக் கடமை நீங்கிவிட்டது. சென்னையிலோ கோவையிலோ பதிந்த இந்தியக் கம்பெனியை நேராகக் கலிஃபோர்னியாவில் பதிகிறீர்கள் என்றால் மட்டும் கவனம். அப்படிப்பட்ட வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அந்த விதி இன்னும் உண்டு, கெடு 30 நாள்.

11. கலிஃபோர்னியாவை விட்டுப் போகும்போது

வியாபாரத்தை நிறுத்தினால் 800 டாலர் தானாக நிற்காது. டெலவேரில் கம்பெனியை மூடினாலும் கலிஃபோர்னியா பதிவு தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி ஆண்டு ரிட்டர்னில் இறுதி ரிட்டர்ன் என்ற கட்டத்தைக் குறித்து அனுப்புங்கள். அது தாக்கலான 12 மாதத்துக்குள் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டில் பதிவை ரத்து செய்யுங்கள். எல்எல்சிக்கு ரத்துப் படிவமும் கார்ப்பரேஷனுக்குச் சரண்டர் படிவமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆண்டு முடியும் முன்பே வியாபாரத்தை நிறுத்திவிடுங்கள். ஜனவரியில் ஒரே ஒரு பில் போட்டாலும் அந்தப் புது ஆண்டுக்கும் வரி உண்டு. இடிடி கணக்கு, செல்லர்ஸ் பெர்மிட், நகர லைசென்ஸ் மூன்றையும் தனித்தனியாக மூடுங்கள். ஏஜென்ட் நிறுவனத்தின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ரத்து உறுதியானதற்கான தாள் பெரும்பாலும் அவர்கள் முகவரிக்குத்தான் வரும்.